மஹ்சூரியிலிருந்து பொன்னி வரை: நெல் இரகத்தின் பிறப்பும் பதிவும்

பொன்னி என்பது காவிரியாற்றுக்கு வழங்கும் பழம்பெயர்களுள் ஒன்று. அப்பெயர் தாங்கிய அரிசி மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர் இல்லங்களில் நாள்தோறும் புழங்குகிறது. இளங்கலை மாணவர் ஒருவர் தம் இடுபணியில் பொன்னியைச் ‘சோழநாட்டின் தொன்மையான நெல்’ என்று குறித்திருந்தார். அவரைக் குறைகூற இயலாது. பெயர் அப்படித்தான் எண்ணத் தூண்டுகிறது. ஆயினும், அந்நெல்லின் தாய்வழியைத் தேடிச் சென்றால் நாம் வந்து சேரும் இடம் பினாங்கை அடுத்த செபராங் பிறை. ஒரு நெல் இரகம் எவ்வாறு உருவாக்கப்படுகிறது, எவ்வாறு பதிவு பெறுகிறது, அப்பதிவில் உழவருக்குரிய இடம் யாது என்பவற்றை இந்த ஒரு நெல்லின் வழியே விளக்க முற்படுகிறது இக்கட்டுரை.

கலப்பும் தெரிவும்

இரண்டாம் உலகப் போருக்குப்பின் ஆசிய நாடுகளில் அரிசித் தட்டுப்பாடு கடுமையாக இருந்தது. வெப்பமண்டல நாடுகளில் விளைந்த ‘இண்டிகா’ நெல் நெடிது வளர்வது. மிகுந்த உரமிட்டால் தாள் தாங்காது சாய்ந்துவிடும். சப்பான், தைவான் பகுதிகளின் ‘சப்பானிக்கா’ நெல்லோ உரத்தை ஏற்று விளைச்சலாக மாற்ற வல்லது. இவ்விரண்டின் நற்பண்புகளையும் ஒன்றுசேர்க்க, 1950களில் ஐக்கிய நாடுகள் உணவு வேளாண் அமைப்பு ஒரு திட்டத்தைத் தொடங்கியது. கலப்புப் பணி ஒடிசாவின் கட்டாக் நகரிலுள்ள மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தில் நடைபெற்றது. கலப்பு விதைகள் உரிய நாடுகளுக்கு அனுப்பப்பட்டன. தஞ்சை மாவட்டக் குறுவைப் பருவத்தை மாற்றியமைத்த ஆடுதுறை 27 இத்திட்டத்தின் விளைவே.

நெற்பூவில் ஆணுறுப்பும் பெண்ணுறுப்பும் ஒருங்கே உள்ளன. ஆதலின் நெல் தன்மகரந்தச் சேர்க்கையாலேயே இனம்பெருக்கும். கலப்புச் செய்பவர், பூ விரியுமுன் பூவுமியின் நுனியைக் கத்தரித்து, உள்ளிருக்கும் ஆறு மகரந்தப் பைகளையும் அகற்றிவிடுவார். பின்னர் மற்றொரு செடியின் மகரந்தத்தைத் தூவிக் கதிரைத் தாளுறையால் மூடுவார். முதல் தலைமுறைச் செடிகள் ஒன்றுபோலவே இருக்கும். இரண்டாம் தலைமுறையில் பண்புகள் பிரிந்து, நெட்டையும் குட்டையும் முந்தியதும் பிந்தியதுமாக வயல் முழுதும் வேறுபட்டு நிற்கும். தொலைவான இனங்களைக் கலந்தமையால் கதிர்களில் பதரும் மிகும். அவற்றுள் வேண்டியவற்றைத் தெரிந்து, ஆறு முதல் எட்டுத் தலைமுறை வரை விதைத்துத் தெரிந்த பின்னரே பண்பு மாறாத இரகம் கிட்டும். கலப்பு ஒரு காலைப்பொழுதில் முடிந்துவிடும். தெரிவுக்குத்தான் ஆண்டுகள் செல்லும்.

மலாய் நாட்டு மாயாங் எபோஸ் 80, தைவானின் தைச்சுங் 65 ஆகியவற்றின் கலப்பு வழியைச் செபராங் பிறை வயல்களில் தெரிவு செய்வதில், கொழும்புத் திட்டத்தின் கீழ் வந்த சப்பானிய வல்லுநர்களும் பங்கேற்றனர். 1965இல் அது வெளியிடப்பட்டது. லங்காவித் தீவின் பழங்கதைத் தலைவியான மஹ்சூரியின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. பகற்பொழுதின் நீளத்தைப் பெரிதும் சாராமல் பூத்தமையால், ஆண்டுக்கு இருபோகம் காண முற்பட்ட மலேசிய உழவர்க்கு அது பயன்பட்டது.

ஆசிரியர்கள் பொருட்டு ஒரு சொற்குறிப்பு. பாடநூல்கள் பலவற்றில் ‘கலப்பினம்’ என்னும் ஒரே சொல் இரு வேறு பொருள்களுக்கு ஆளப்படுகிறது. கலப்பில் தோன்றிப் பண்பு நிலைத்த இரகம் ஒன்று. ஒவ்வொரு பருவமும் விதை புதிதாக வாங்க வேண்டிய ‘வீரிய ஒட்டு’ மற்றொன்று. மஹ்சூரியும் பொன்னியும் முதல் வகையின. உழவர் தம் அறுவடையிலிருந்தே விதை எடுத்துவைக்கலாம். இவ்வேறுபாடு தெளிவுறாவிடின் பின்வரும் சட்டச் செய்திகள் விளங்கா.

கைவிடப்பட்ட நெல்

1960களின் பிற்பகுதியில் மஹ்சூரி இந்தியாவுக்குச் சென்றது. அங்குள்ள ஆய்வாளர்கள் அதனை விரும்பவில்லை. உயரமான நெல்; சாய்கிறது என்று ஒதுக்கிவிட்டனர். ஐ.ஆர். 8 போன்ற குட்டை இரகங்கள் புகழ்பெற்றிருந்த காலம் அது. ஆனால், ஆந்திரப் பிரதேசத்தில் பண்ணைத் தொழிலாளி ஒருவர் அதன் விதையில் சிறிதளவு எடுத்துச் சென்றதாகவும், அது உழவர் கையிலிருந்து உழவர் கைக்கு மாறிப் பரவியதாகவும் வேளாண் அறிஞர்கள் பதிவு செய்துள்ளனர். பின்னர் அது இந்தியாவில் மிகுதியாகப் பயிரிடப்பட்ட இரகங்களுள் ஒன்றாயிற்று.

ஆய்வாளர் கண்ணுக்குக் குறையாகப்பட்டது உழவர்க்கு ஏன் குறையாகவில்லை? நிலையங்களில் மிகுந்த தழைச்சத்து இட்டுச் சோதித்தனர். அந்நிலையில் நெட்டைப்பயிர் சாயும். உரம் வாங்க வசதியற்றவரின் வயலில் அது அவ்வளவு சாயாது. தண்ணீர் தேங்கும் தாழ்நிலத்தில் உயரமே காப்பு. வைக்கோல் மாட்டுக்கு வேண்டும். அரிசியோ சன்னமானது; சோறு நன்றாயிருக்கும். சோதனை அளந்தது ஒன்று, உழவர் தேடியது மற்றொன்று எனலாம்.

மக்கள் வழக்கில் ‘ஹ்’ மறைந்து மசூரி ஆயிற்று. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இவ்வழியில் தெரிந்தெடுத்த வெள்ளைப் பொன்னி 1986இல் வெளிவந்தது. அதே ஆண்டில் ஆந்திராவின் பாபட்லா நிலையம் பி.பி.டி. 5204 என்னும் சம்பா மசூரியை வெளியிட்டது. அதன் பெற்றோருள் மசூரியோடு, கோயம்புத்தூரில் 1921இல் வெளியான ஜி.இ.பி. 24 என்பதும் உண்டு. தமிழ்நாட்டில் அதனை ‘ஆந்திரா பொன்னி’ என்று அழைப்பர்; பெயர் ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டது!

பதிவேட்டின் மொழி

இந்தியாவில் ஓர் இரகம் அரசு ஏற்பைப் பெற இரு வாயில்கள் உள்ளன. முதலாவது, 1966ஆம் ஆண்டு விதைச் சட்டம். பல இடங்களில் பல பருவங்கள் சோதித்து, நடப்பிலுள்ள இரகத்தோடு ஒப்பிட்டு, வெளியீட்டுக் குழு பரிந்துரைத்த பின் அரசிதழில் அறிவிப்பர். அதன் பின்னரே வல்லுநர் விதை, ஆதார விதை, சான்று விதை என முறையே மஞ்சள், வெள்ளை, நீல அட்டைகளோடு விதை பெருக்கப்படும். இரண்டாவது, 2001ஆம் ஆண்டின் பயிர் இரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம். 2005இல் இதற்கான ஆணையம் அமைந்தது; 2007 முதல் பதிவு நடைபெறுகிறது.

முதல் வாயில் ‘இது பயன்படுமா?’ என்று கேட்கிறது. இரண்டாவது வாயில் விளைச்சலைப் பற்றிக் கேட்பதே இல்லை. வேறுபாடு, ஒருசீர்மை, நிலைத்தன்மை ஆகியவற்றை அது நாடுகிறது. இலையடியின் நிறம், சூல்முடியின் நிறம், நெல்மணியின் நுனியில் கூர் உண்டா என்பன போன்ற 62 பண்புகள் நெல்லுக்கு ஒப்பிடப்படுகின்றன. பதிவு பெற்றால் நெல் போன்ற பயிர்களுக்கு 15 ஆண்டு உரிமை.

உழவர் விதையைச் சேமிக்கவும் மீண்டும் விதைக்கவும் பகிரவும், வணிகப்பெயர் இடாமல் விற்கவும் இச்சட்டத்தின் 39ஆம் பிரிவு இடமளிக்கிறது. உழவர் தாமே உருவாக்கிய இரகத்தைக் கட்டணமின்றிப் பதியலாம். மலேசியாவின் 2004ஆம் ஆண்டுப் புதிய தாவர இரகப் பாதுகாப்புச் சட்டம் ஒரு படி மேலே செல்கிறது. உழவரோ உள்ளூர்ச் சமூகமோ பழங்குடியினரோ உருவாக்கிய இரகம் புதியதாகவும் வேறுபட்டதாகவும் அடையாளம் காணத்தக்கதாகவும் இருந்தாற் போதும், ஒருசீர்மை கேட்கப்படுவதில்லை. ஒரே வயலில் சிறுசிறு வேறுபாடுகளோடு நிற்பதே உழவர் நெல்லின் வலிமை என்பதால், இவ்விதியே பொருத்தமானதென்பது என் கருத்து.

எனினும், இவ்விரு சட்டங்களிலும் அந்த ஆந்திரத் தொழிலாளிக்கு இடமில்லை. அவர் எதையும் உருவாக்கவில்லை. பிறர் உருவாக்கி ஒதுக்கியதன் மதிப்பை அறிந்தார். அறிதலைப் பதிய எந்தப் பதிவேட்டிலும் கட்டமில்லை.

பெயரைப் பதிவதிலும் சிக்கல் எழுந்தது. மலேசியாவில் ‘பொன்னி’ என்பதைத் தனியார் நிறுவனம் ஒன்று வணிகச் சின்னமாகப் பதிந்திருந்தது. இந்திய வேளாண் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையம் வழக்குத் தொடுக்க, 2010ஆம் ஆண்டையொட்டி உயர் நீதிமன்றம் அப்பதிவை நீக்க ஆணையிட்டது. இரகத்தின் பெயர் விற்பவர் ஒருவரைக் குறிக்கும் அடையாளமாக முடியாது. அந்த வழக்கு நடந்த நாட்டில்தான் அந்நெல்லின் தாய் பிறந்தது என்பதைச் செய்தித்தாள் படித்தோரில் எத்தனை பேர் அறிந்திருப்பர்?

2025 மே மாதம் இந்திய அரசு மரபணுத் திருத்தம் செய்த ‘கமலா’ என்னும் நெல்லை அறிவித்தது. அது சம்பா மசூரியிலிருந்து உருவாக்கப்பட்டது. ஆகவே மாயாங் எபோசின் வழி அதிலும் தொடர்கிறது. அறிவிப்பு வந்தவுடனே, திருத்தத்திற்குப் பயன்பட்ட கருவியின் காப்புரிமை வெளிநாட்டினரிடம் இருக்க, விதை யாருடையதாகும் என்ற வினாவை உழவர் அமைப்புகள் எழுப்பின.