சுவரில் எழுதிய பாடம்

இடப்பள்ளியில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் பலர், ஓவியப் பாடத்தை மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ பயில்கின்றனர். சென்ற ஆண்டு என் மகள் தன் ஓவியப் புத்தகத்தைக் காட்டி, "அப்பா, ஷேடிங் என்பதைத் தமிழில் எவ்வாறு சொல்வது?" என்று வினவினாள். "நிழல்" என்றேன். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நான் அன்று கூறிய விடை பிழையானது. அடுத்த விடுமுறையில் அவளுடன் மட்டாஞ்சேரி அரண்மனைக்குச் சென்றபோதுதான் அதனை உணர்ந்தேன்.

அவ்வரண்மனை 1555ஆம் ஆண்டளவில் போர்த்துக்கீசியர் கட்டிக் கொச்சி மன்னருக்கு அளித்தது. 1663க்குப் பின்னர் டச்சுக்காரர் அதனைச் செப்பனிட்டமையால் 'டச்சு அரண்மனை' என்ற பெயரும் வழங்குகிறது. அதன் பள்ளியறைச் சுவர்களில் இராமாயணக் காட்சிகள் தீட்டப்பட்டுள்ளன. ஓவியம் பயிலத் தொடங்குவோர் அறியவேண்டிய அடிப்படைச் சொற்களை அச்சுவர்களின் துணைகொண்டே விளக்கலாம்.

முதற்சொல் கோடு. ஓர் உருவம் எங்கே முடிகிறது, அதன் புறம் எங்கே தொடங்குகிறது என்பதைக் காட்டும் எல்லைக்கோட்டை உருவரை என்கிறோம். அரண்மனையின் கீழ்த்தளத்தில், வண்ணம் பெறாமல் கோட்டளவிலேயே நின்றுவிட்ட உருவங்களும் உள்ளன. இத்தகைய படத்திற்குப் 'புனையா ஓவியம்' என்று நெடுநல்வாடை பெயர் தந்திருக்கிறது. வண்ணத்தால் அழகுசெய்யப்படாத ஓவியம் என்பது அதன் பொருள். நம் முன்னோர் ஓவியம் தீட்டுவதை 'எழுதுதல்' என்றே கூறினர். தரையில் வண்ணப் பொடிகளால் உருவம் வரைவதைக் கேரளத்தில் இன்றும் 'களமெழுத்து' என்றே வழங்குகின்றனர். நம் பழஞ்சொல் அண்டை வீட்டில் நலமாகவே வாழ்கிறது.

இரண்டாவது வண்ணம். கேரளச் சுவரோவிய மரபு ஐந்து வண்ணங்களை அடிப்படையாகக் கொண்டது. செம்மையும் மஞ்சளும் காவி மண்ணிலிருந்து கிடைப்பவை. அவுரியின் நீலத்துடன் மஞ்சள் நிறப் பிசின் ஒன்றைச் சேர்த்துப் பச்சையை ஆக்குவர். விளக்குப் புகையின் கரி கருமையாகும். வெண்மையோ பூசப்படுவதன்று, சுண்ணாம்புச் சுவரின் நிறமே வெண்மையாக விடப்படுகிறது. சுவர் நன்கு உலர்ந்த பின்னரே, வேப்பம் பிசின் கலந்து வண்ணம் தீட்டுவர். ஆதலால் இதனை உலர்சுவர் ஓவியம் என்பது பொருந்தும். ஈரம் காயுமுன் சுதையில் தீட்டுவது ஈரச்சுவர் ஓவியம். அது வேறு முறை.

மூன்றாவதுதான் என்னைத் திருத்திய சொல். நிழல் என்பது, ஒளியை ஒரு பொருள் மறைப்பதால் தரையிலோ சுவரிலோ விழும் இருள். மட்டாஞ்சேரி ஓவியங்களில் எந்த உருவமும் தரையில் நிழல் வீழ்த்தவில்லை. விளக்கு எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்டால் விடை கிடையாது. ஆயினும் ஒவ்வொரு தோளும் கன்னமும் உருண்டு திரண்டு தோன்றுகின்றன. விளிம்பில் வண்ணத்தை அடர்த்தியாக்கி, நடுப்பகுதி நோக்கி மெல்ல மெல்லக் குறைத்தமையால் விளைந்த தோற்றம் அது. வடமொழிச் சித்திரசூத்திரம் இதனை 'வர்த்தனை' என்றழைத்து, இலை நரம்பு போன்ற கோடுகளாலும், நுண்ணிய தீற்றல்களாலும், புள்ளிகளாலும் செய்யப்படும் மூன்று வகைகளைக் கூறுகிறது. தமிழில் 'திரட்சி காட்டல்' என்று சொல்லலாம். நிழல் வேறு, திரட்சி வேறு. இவ்வேறுபாட்டை அறியாத மாணவன், பந்து வரையச் சொன்னால் ஒரு பக்கம் முழுதும் கரியைப் பூசிவிட்டு, அது ஏன் தட்டையாகவே இருக்கிறது என்று திகைப்பான்.

நான்காவது வெளி, உருவங்களுக்கிடையே விடப்படும் இடம். பள்ளியறைச் சுவரில் வெளி மிகக் குறைவு. உருவங்கள் ஒன்றையொன்று நெருக்கி நிற்கின்றன. எஞ்சிய இடத்தையும் அணிகளும் பூவேலையும் நிரப்புகின்றன. ஐந்தாவது அமைப்பு, கோடு, வண்ணம், திரட்சி, வெளி ஆகிய நான்கையும் ஒழுங்குபடுத்தி, காண்போர் கண்ணை முதன்மை உருவத்திடம் கொண்டுசேர்க்கும் முறை. அத்துணை நெரிசலிலும் இராமனை நம் கண் தவறவிடுவதில்லை. அவனுடைய பச்சை மேனி, சூழ்ந்துள்ள செம்மைக்கும் மஞ்சளுக்கும் நடுவே தனித்து விளங்குகிறது.

வெளிமாநிலத்தில் பிள்ளைகளை வளர்க்கும் அன்பர்கள் இவ்வைந்து சொற்களையும் வீட்டில் வழங்கிவருதல் நன்று. பிள்ளைகளை ஓர் ஓவியத்தின் முன் நிறுத்தி, "கோடு எங்கே தடிக்கிறது? எவ்வண்ணம் மிகுதி? திரட்சி எவ்வாறு வந்தது? வெளி எங்கே? உன் கண் முதலில் எங்கே சென்றது?" என்று கேளுங்கள். பள்ளியில் எம்மொழியில் பயின்றாலும், கண்டதைப் பெற்றோரிடம் சொல்லத் தாய்மொழியில் ஒரு சொல் இல்லையெனில், அக்காட்சி வீட்டு வாயிலோடு நின்றுவிடும்.

என் மகள் இப்பொழுது வரையும் பந்து உருள்கிறது. "திரட்சி வந்துவிட்டதா, அப்பா?" என்று கேட்டே அதனை என்னிடம் நீட்டுகிறாள்.