உதவி கோரும் விளம்பரங்களும் நோயின் விலையும்

நமது தமிழ் நாளிதழ்களில் இடைக்கிடை வெளிவரும் ஒருவகை விளம்பரத்தை இலக்கிய ஆய்வாளராகிய நாம் ஆய்வுக்குரிய எழுத்தாகக் கருதுவதில்லை. நோயாளியின் புகைப்படம், பழுதுற்ற சிறுநீரகம் அல்லது இருதயம் பற்றிய விபரம், சத்திரசிகிச்சைக்கு வேண்டிய தொகை, வைத்தியரின் கடிதம், கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல், வங்கிக் கணக்கிலக்கம் என்பன ஏறத்தாழ மாறாத ஒழுங்கில் அமைவன. ‘கருணையுள்ளம்’, ‘பரோபகாரிகள்’ ஆகிய சொற்கள் அடிக்கடி இடம்பெறும். ‘உரிமை’ என்ற சொல்லை அவற்றில் நாம் கண்டதில்லை. அரச வைத்தியசாலைகளில் 1951இல் கட்டணம் நீக்கப்பட்ட ஒரு நாட்டில் இவ்வெழுத்து தோன்றுவதற்கான காரணத்தைச் சமூக அடிப்படையில் நோக்குதல் வேண்டும்.

‘இலவசம்’ என்பது வாட்டின் படுக்கைக்கும் வைத்தியரின் சேவைக்கும் பொருந்துமளவிற்கு நோயாளியின் வாழ்வுக்குப் பொருந்துவதில்லை. மருந்து கைவசம் இல்லாதவிடத்து வெளியே வாங்குமாறு துண்டு எழுதப்படுகின்றது. பரிசோதனைக்குரிய முறை வரத் தாமதமாகும்போது தனியார் நிலையத்தை நாட நேர்கின்றது. சிறுநீரகம் செயலிழந்தவரை எடுத்துக்கொள்வோம். இரத்தச் சுத்திகரிப்பு வாரத்தில் இரண்டு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் ஏறத்தாழ நான்கு மணிநேரம் நடைபெறுவது. அரச வைத்தியசாலையில் அதற்குக் கட்டணமில்லை. ஆயினும் அந்நாட்களில் கூலி இல்லை. துணைக்குச் செல்பவருக்கும் இல்லை. மாதச் சம்பளம் பெறும் அரச ஊழியருக்குச் சம்பளத்துடன் லீவு உண்டு. நாட்கூலிக்கோ உழைப்புச் சக்தியைத் தவிர விற்பதற்கு வேறொன்றில்லை. நோய் முதலில் பறிப்பது அதனையே. செலவு பெருகும் அதே வேளையில் வருவாய் அற்றுப்போகின்றது. காதிலுள்ள தோடு அடகுக்குப் போவது இக்கட்டத்திலேயே.

மருந்தின் விலை இயற்கையாக நிர்ணயமாவதன்று. பேராசிரியர் சேனக பிபிலேயும், வைத்தியரும் கம்யூனிஸ்ட் தலைவருமான எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் 1971இல் முன்வைத்த அறிக்கை, வணிகப் பெயரை விடுத்து மருந்தின் பொதுப்பெயரிலேயே அரசு கொள்வனவு செய்தல் வேண்டும் என வற்புறுத்திற்று. அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் அவ்வாண்டிலேயே தோன்றியது. பன்னாட்டுக் கம்பனிகளின் எதிர்ப்பும் 1977இன் பின்னர் ஏற்பட்ட திறந்த பொருளாதாரமும் அக்கொள்கையை நலிவுறச் செய்தன. பெரும்பகுதி மருந்தை இறக்குமதி செய்யும் நாடாகவே நாம் தொடர்ந்தமையால், 2022இல் டொலரொன்றின் பெறுமதி 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியபோது மருந்துத் தட்டுப்பாட்டையும் விலையேற்றத்தையும் நோயாளர் நேரடியாகவே சுமந்தனர்.

1978இல் சட்டத்தினால் நிறுவப்பட்ட ஜனாதிபதி நிதியம் இத்தகையோருக்கு உதவுகின்றது. பயன்பெற்றோர் பலர்; நாம் அதனை மறுக்கவில்லை. எனினும் அங்கும் நோயையும் வறுமையையும் சான்றுப்படுத்தி விண்ணப்பித்தே ஆதல் வேண்டும். இவ்வகையில் அவ்விண்ணப்பம் பத்திரிகை விளம்பரத்தின் உடன்பிறப்பு எனலாம். இரண்டும் பெருந்தொகை வேண்டும் சத்திரசிகிச்சைக்கே பெரிதும் உரியன. கிளிநொச்சியிலிருந்தோ மன்னாரிலிருந்தோ கிளினிக்குக்குச் சென்றுவரும் பஸ் கட்டணத்திற்காக எவரும் புகைப்படத்துடன் விளம்பரம் இட்டதை நாம் கண்டதில்லை.