ஒரு நொடியைப் பிடித்த கலைஞர்



முஹம்மது அலீ என்றதும் உங்கள் மனக்கண்ணில் எழும் காட்சி எது? மல்லாந்து கிடக்கும் எதிராளியின் முன், வலக்கையை மார்புக்குக் குறுக்கே மடக்கி, 'எழுந்து வா' என முழங்கி நிற்கும் தோற்றமாகவே பெரும்பாலும் இருக்கும். 1964இல் தம்மை முஸ்லிம் என உலகறிய அறிவித்த அந்தக் குத்துச்சண்டை வீரர், 1980இல் சென்னை நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டியில் மோதியதை மூத்த தலைமுறையினர் அறிவர். ஆனால், உலகம் மறவாத அந்தப் படத்தை எடுத்தவர் யார் என்பதை அறிந்தோர் நம்மில் சிலரே. அவர்தாம் நீல் லைஃபர்.

1942 டிசம்பர் 28ஆம் நாள் பிறந்த லைஃபர், நியூயார்க் நகரில் எளிய மக்கள் வாழ்ந்த பகுதியில் வளர்ந்தவர். அங்கிருந்த ஹென்றி தெரு சமூக நல இல்லத்தின் புகைப்படக் கழகமே அவருக்குக் கலைக்கூடமாயிற்று. விளையாட்டரங்கில் நுழையச் சீட்டு வாங்க வசதியில்லை. அதனால், ஊனமுற்ற முன்னாள் படைவீரர்களின் சக்கர நாற்காலிகளைத் தள்ளிச் செல்லும் பணியை ஏற்றார். அரங்கின் கதவு திறந்தது. தம் பதினாறாம் பிறந்த நாளில், அமெரிக்கக் கால்பந்து இறுதிப் போட்டியில் ஆலன் அமீச்சி வெற்றிப் புள்ளி ஈட்டிய காட்சியைப் படமாக்கினார். பிறருக்குச் செய்த சேவை அவருடைய தொழிலுக்கு வாயிலானது!

1965 மே 25. மெய்ன் மாநிலத்து லூயிஸ்டன் நகரில் அலீயும் சன்னி லிஸ்டனும் மோதினர். முதல் சுற்றிலேயே லிஸ்டன் வீழ்ந்தார். அப்போது லைஃபருக்கு வயது 22. அவர் அமர்ந்திருந்த பக்கம் நோக்கியே அலீ நின்றார். எதிர்ப்புறம் இருந்த அனுபவம் மிக்க புகைப்படக்காரர் ஹெர்ப் ஷார்ஃப்மன், அதே படத்தில் அலீயின் கால்களுக்கிடையே காணப்படுகிறார். அவருக்குக் கிட்டியது அலீயின் முதுகு மட்டுமே!

'இது வெறும் அதிர்ஷ்டம்தானே?' என நீங்கள் கேட்கலாம். இருக்கை வாய்த்தது நற்பேறுதான். ஆனால், மேடைக்கு மேலே மின்னொளி விளக்குகளை முன்னரே பொருத்தி, வண்ணப்படச் சுருளுடன் ஆயத்தமாயிருந்தது உழைப்பு. ஒருமுறை மின்னிய விளக்கு மீண்டும் ஆற்றல் பெறச் சில நொடிகள் ஆகும். அடுத்தடுத்துச் சொடுக்க இயலாது. உரிய கணம் வரும்வரை விரலை அடக்கிக் காத்திருந்தது பொறுமை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும் பாடம் நமக்குப் புதிதன்றே!

அவ்வளவு சிறந்த படம் அப்போது 'ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' இதழின் அட்டையில்கூட இடம்பெறவில்லை. பெரும்புகழ் பின்னரே வந்தது. லைஃபர் மனம் தளரவில்லை. 1966 நவம்பரில் ஹியூஸ்டன் நகரில் அலீ, கிளீவ்லாந்து வில்லியம்ஸை வென்றபோது, மேடைக்கு ஏறத்தாழ 80 அடி உயரத்தில் கேமராவைப் பொருத்தியிருந்தார். சதுர மேடையில் கைகளை விரித்துக் கிடக்கும் வில்லியம்ஸையும், கைகளை உயர்த்தி விலகிச் செல்லும் அலீயையும் வானிலிருந்து காண்பதுபோல் காட்டும் அப்படத்தையே தம் படைப்புகளுள் தலைசிறந்ததாக அவர் கருதினார்.

சபுராளிகள் மிகுந்த நம் திருமலைராயன்பட்டினத்தில் நிழற்படத்தின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. தம் பிள்ளையின் முகத்தைப் படத்தில் முதன்முதலாகக் கண்ட தந்தையர் இங்கு எத்தனை பேர்! ஆயினும், நம் மகன் கேமராவைக் கையிலெடுத்தால், 'இது சோறு போடுமா?' என்றுதானே கேட்கிறோம்? எல்லாப் பிள்ளைகளும் லைஃபர் ஆகப் போவதில்லை. வருமானம் பற்றிய பெற்றோரின் கவலையும் நியாயமானதே. ஆனால், நியூயார்க்கின் ஏழைச் சிறுவனுக்கு ஒரு சமூக நல இல்லம் கற்றுக் கொடுத்ததை, நம் சங்கங்களும் ஜமாஅத்துகளும் விடுமுறைப் பயிற்சியாக நம் பிள்ளைகளுக்கு வழங்கலாகாதா?

அலீ 2016இல் இறையடி சேர்ந்தார். அவருடைய வீரத்தின் ஒரு நொடி இன்னும் நம் கண்முன் நிற்கிறது. அதைக் காத்துத் தந்தது, ஆயத்தமாயிருந்த ஓர் இளைஞனின் விரல். அத்தகைய ஆயத்தத்தை நம் பிள்ளைகளுக்கும் அளிப்போம், இன்ஷா அல்லாஹ்!