ஓவியத்துக்கும் அங்க அடையாளம் உண்டு!

பாலிடெக்னிக்கில் சேர நாம் கொண்டு வந்த மாற்றுச் சான்றிதழ் ஞாபகம் இருக்கிறதா? அதில் ‘அங்க அடையாளங்கள்’ என்று ஒரு இடம் இருக்கும். வலது கையில் ஒரு மச்சம், இடது முழங்காலில் ஒரு தழும்பு என்று எழுதியிருப்பார்கள். ஆள் வளரலாம், சட்டை மாறலாம், மச்சம் மட்டும் இடம் மாறாது. ஒரு கைபேசி ஓர் ஓவியத்தை அடையாளம் கண்டுபிடிப்பதும் கிட்டத்தட்ட இதே முறையில்தான். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஆக்மென்டட் ரியாலிட்டி என்பதைத் தமிழில் மிகை மெய்ம்மை என்கிறார்கள். பெயர்தான் பெரிசு, சங்கதி எளிது. காமிராவில் தெரியும் நிஜக் காட்சியின் மேல் கணினி இன்னொரு படத்தையோ, சத்தத்தையோ சரியான இடத்தில் ஒட்ட வைப்பது. 1968-லேயே ஐவன் சதர்லாந்து என்பவர் தலையில் மாட்டிப் பார்க்கும் கருவி ஒன்றைச் செய்தார். அதைக் கூரையில் இருந்து தொங்கவிட வேண்டியிருந்ததாம்! இந்தப் பெயர் பிறந்தது 1990-களின் தொடக்கத்தில், போயிங் விமானக் கம்பெனியில். விமானத்துக்குள் போகும் ஒயர்களை எந்த வழியாக இழுக்க வேண்டும் என்று தொழிலாளியின் கண் முன்னாலேயே கோடு போட்டுக் காட்ட டாம் காடெல் என்பவர் யோசித்த யோசனை அது. ஆக, இது நம்மைப் போன்ற டிப்ளமோக்காரர்கள் வேலைக்காகப் பிறந்த சமாச்சாரம்தான். 2016-ல் வந்த போக்கிமான் கோ விளையாட்டுக்குப் பிறகுதான் ஊருக்கெல்லாம் தெரிந்தது.

நான் இதில் கை வைத்ததற்குக் காரணம் என் அம்மா. எங்கள் ஊர் தருமபுரிப் பக்கம். அம்மா இதுவரை கடலைப் பார்த்ததில்லை. எழுதப் படிக்கவும் தெரியாது. எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டியதே நான்தான். சென்ற ஆண்டு கல்விச் சுற்றுலாவில் மாமல்லபுரம் போவதாகச் சொன்னதும், பணத்தைக் கையில் கொடுத்து, “கடலு எப்படி இருக்கும்னு வந்து சொல்லு பாப்பா” என்றார். எழுதிக் காட்டினால் அம்மாவால் படிக்க முடியாது. அதனால் கடலை வரைந்து, அந்தப் படத்தின் மேல் கைபேசியைப் பிடித்தால் அலை அடிக்கிற மாதிரி செய்துவிடலாம் என்று திட்டம் போட்டேன்.

கடற்கரைக் கோயிலுக்கு அந்தப் பக்கம் மணலில் உட்கார்ந்து, வாட்டர் கலரில் வானமும் கடலுமாக ஒரு படம் போட்டேன். எனக்கே பிடித்திருந்தது. பிறகு அரை நிமிடம் வீடியோ எடுத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து, மைண்ட்ஏஆர் என்ற இலவச நிரலில் ஓவியத்தின் போட்டோவையும் வீடியோவையும் ஏற்றினேன். இது பிரவுசரிலேயே ஓடும், தனியாக ஆப் எதுவும் வேண்டாம். கைபேசியைப் படத்தின் மேல் பிடித்தேன். ஒன்றுமே வரவில்லை! தூரத்தில் பிடித்தேன், கிட்டத்தில் பிடித்தேன். ஊஹூம்.

காரணம் புரிய இரண்டு நாள் ஆயிற்று. நிரல் நம் படத்தை முதலில் கறுப்பு வெள்ளையாக மாற்றிவிடுகிறது. ‘ஆகா, என்ன நீலம்!’ என்று நாம் ரசிக்கும் நீலம் அதற்கு வெறும் சாம்பல். பிறகு வெளிச்சம் சட்டென்று மாறும் மூலைகள், முனைகள், புள்ளிகளைத் தேடிக் குறித்து வைத்துக்கொள்கிறது. அவைதான் ஓவியத்தின் மச்சங்கள். என் படத்தில் இருந்ததோ வழுவழு வானம், வழுவழு கடல். மச்சமே இல்லாத முகம்! கைபேசி எதை வைத்து அடையாளம் காணும்? ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வரும் செங்கல் சுவர், கட்டம் போட்ட துணி இவையும் ஆகாது. அது இரட்டைப் பிள்ளைகளில் யார் மூத்தவர் என்று கேட்கிற கதை. பளபளப்பான லேமினேஷனும் வேண்டாம், விளக்கு வெளிச்சம் பட்டால் பாதி மச்சம் மறைந்துவிடும்.

மச்சங்கள் கிடைத்த பிறகு நடப்பதுதான் அழகு. காமிராவில் தெரியும் புள்ளிகளையும், ஏற்கெனவே குறித்து வைத்த புள்ளிகளையும் நிரல் ஜோடி சேர்க்கிறது. சரியான நான்கு ஜோடிகள் இருந்தால் போதும், காகிதம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கணக்கிட்டுவிடலாம். விடை ஒரு 3×3 மேட்ரிக்ஸ். ஆமாம் நண்பர்களே, “இத எதுக்குடி படிக்கிறோம்?” என்று முதலாம் ஆண்டில் நாம் அலுத்துக்கொண்டோமே, அதே அணிகள்தான்! தவறான ஜோடிகளும் வரும் என்பதால், பெரும்பான்மை எந்தப் பக்கம் என்று ஓட்டெடுப்பு மாதிரி ஒன்று நடத்தித் தவறுகளைக் கழித்துவிடுகிறது. இவ்வளவும் ஒரு விநாடிக்குள் பலமுறை நடப்பதால்தான், கையை ஆட்டினாலும் வீடியோ படத்தின் மேலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

அதே சுற்றுலாவில் நான் இன்னொரு படமும் போட்டிருந்தேன். கரையில் ஒரு ஃபைபர் படகு, குவித்து வைத்த வலை, பக்கத்தில் உட்கார்ந்து வலையைச் சரிசெய்யும் ஒரு தாத்தா. போட முக்கால் மணி நேரம் ஆனது, வாத்தியாரிடம் திட்டும் கிடைத்தது. வலை முடிச்சு, கயிறு, படகில் எழுதிய எண் என்று அதில் மச்சத்துக்குப் பஞ்சமில்லை. அதை ஏற்றியதும் கைபேசி உடனே பிடித்துக்கொண்டது.

ஓவியத்தையும் கருவியையும் சேர்ப்பது புதிதல்ல. 1792-93-ல் தாமஸ் டேனியல், அவர் சகோதரர் மகன் வில்லியம் டேனியல் என்ற இரண்டு ஆங்கில ஓவியர்கள் தென்னிந்தியாவைச் சுற்றி வந்தார்கள். மாமல்லபுரத்தையும் வரைந்தார்கள். லென்ஸ் வழியாக வெளிக்காட்சியைக் காகிதத்தில் விழ வைக்கும் காமிரா அப்ஸ்கூரா என்ற இருட்டுப் பெட்டியை வைத்துக்கொண்டுதான் கோடு இழுத்தார்கள். அவர்களுடைய 144 படங்கள் 1795 முதல் 1808 வரை லண்டனில் அச்சாகி வந்தன. அந்தப் பெட்டி எங்கே போனதோ, படங்கள் இன்றும் இருக்கின்றன.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இன்றைய கருவிகளுக்கு ஆயுசு குறைவு. இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக்குக்கு இந்த மாதிரி காட்சிகள் செய்ய உதவிய மெட்டா ஸ்பார்க் 2025 ஜனவரியில் மூடப்பட்டது. மற்றவர்கள் அதில் செய்து வைத்த வேலையெல்லாம் போச்சு. அதனால் வீடியோவையும் குரலையும் தனியாக ஒரு பிரதி எடுத்து வையுங்கள். படத்தை நல்ல காகிதத்தில் போடுங்கள்.

சரி, அம்மாவிடம் காட்டிய கதைக்கு வருகிறேன். படத்தைத் தரையில் வைத்து, கைபேசியை அம்மா கையில் கொடுத்தேன். அலை அடித்தது. அம்மா மூன்று தடவை பார்த்தார். பிறகு கைபேசியைக் கீழே வைத்துவிட்டுக் காகிதத்தைக் கையில் எடுத்து, “இந்தப் பெரியவர எங்க காணோம் அதுல?” என்று கேட்டார். அப்போதுதான் எனக்கே உறைத்தது. நான் வரைந்து முடித்து வீடியோ எடுப்பதற்குள் தாத்தா எழுந்து போய்விட்டார். முக்கால் மணி நேரம் அங்கே இருந்தவர் படத்தில் இருக்கிறார், அரை நிமிட வீடியோவில் இல்லை.

அவர் என்னிடம் பேசியதைச் சொன்னேன். “எந்த ஊரு பாப்பா?” என்றார். “தருமபுரிப் பக்கங்க தாத்தா.” “அங்க கடல் கிடையாதே, பாவம்” என்று சிரித்தார். அம்மாவும் சிரித்துவிட்டார். மறுநாள் அலை வீடியோவை எடுத்துவிட்டு, இந்தப் பேச்சை என் குரலில் பதிவு செய்து அந்த இடத்தில் போட்டேன். இப்போது தாத்தா மேல் கைபேசியைப் பிடித்தால் நான் பேசுகிறேன். பக்கத்து வீட்டு அக்கா வந்தால் அம்மாதான் பிடித்துக் காட்டுகிறார். எந்தத் தூரத்தில் பிடிக்க வேண்டும் என்பதில் இப்போது எனக்கே பாடம் எடுக்கிறார்.