நைஜீரியா - ருவாண்டா முதல் ராஜபாளையம் - ஸ்ரீவில்லிபுத்தூர் வரை... 'வாழ்க்கைத் தரம்' எப்படி அளக்கப்படுகிறது?

"வீடு ராஜபாளையத்துல பார்க்கலாமா, இல்ல ஸ்ரீவில்லிபுத்தூர்லயே இருந்துக்கலாமா?" விருதுநகர் மாவட்டத்துக்கு வேலை மாறி வரும் பல குடும்பங்களில் எழும் கேள்வி இது. இரண்டு ஊருக்கும் இடையே சுமார் 12 கிலோமீட்டர்தான். ஒரே மாவட்டம், ஒரே ரயில் பாதை, ஒரே மேற்குத் தொடர்ச்சி மலை. ஆனாலும் "அந்த ஊரு வேற, இந்த ஊரு வேற" என்றுதான் இரண்டு ஊர்க்காரர்களும் சொல்வார்கள்.

எந்த ஊரில் வாழ்க்கை நல்லா இருக்கு? இதே கேள்வியை நாடுகளை வைத்து ஐ.நா. ஒவ்வொரு முறையும் கேட்கிறது. அதை எப்படி அளக்கிறார்கள்? நம்ம ஊருக்கு அந்த அளவுகோல் சரிப்பட்டு வருமா? பார்க்கலாம்.

ஐ.நா. எதை அளக்கிறது?

1990-ல் பாகிஸ்தான் பொருளாதார அறிஞர் மஹ்பூப் உல் ஹக் முன்னெடுக்க, அமர்த்தியா சென் துணை நிற்க, 'மனித வளர்ச்சிக் குறியீடு' அறிமுகமானது. ஒரு நாட்டில் பணம் எவ்வளவு புழங்குகிறது என்பதை மட்டும் பார்த்தால் போதாது என்பதுதான் அதன் அடிப்படை. சராசரி ஆயுள், கல்வி, தலா வருமானம் என மூன்றையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். ஒன்றில் ரொம்ப குறைந்தால், இன்னொன்றை வைத்து அதை முழுசா ஈடுகட்ட முடியாது.

நைஜீரியாவுக்கும் ருவாண்டாவுக்கும் என்ன வித்தியாசம்?

நைஜீரியாவில் எண்ணெய் வளம் இருக்கிறது. தலா வருமானத்தில் ருவாண்டாவை விட மேலே இருக்கிறது. ருவாண்டாவோ 1994 இனப்படுகொலையில் நிலைகுலைந்த சின்ன நாடு. ஆனால், ஐ.நா. கணக்குப்படி ருவாண்டாவில் சராசரி ஆயுள் 67 வயதைத் தாண்டிவிட்டது. நைஜீரியாவில் அது 55 வயதை ஒட்டியே நிற்கிறது. பணம் அதிகம் இருக்கும் நாட்டில் ஆயுள் பத்து வருஷத்துக்கு மேல் குறைவு!

கிராமம்தோறும் சுகாதாரப் பணியாளர்கள், பெரும்பாலானவர்களைச் சென்றடைந்த சமூக மருத்துவக் காப்பீடு ஆகியவை ருவாண்டாவின் முன்னேற்றத்துக்கு முக்கியக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. அதேநேரம், அங்கே எதிர்க்கட்சிகளுக்கு இடமில்லை என்ற விமர்சனமும் உண்டு. அரசியல் சுதந்திரம் இந்தக் குறியீட்டில் வராது. ஆக, எந்த எண்ணும் முழு வாழ்க்கையைச் சொல்லிவிடாது.

சரி, நம்ம ஊருக்கு வருவோம்

ராஜபாளையம் தொழில் ஊர். 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கிய ராஜபாளையம் மில்ஸில் இருந்து நூற்பாலைகள் பெருகின. பக்கத்தில் சத்திரப்பட்டியில் மருத்துவத்துக்கான பேண்டேஜ் துணி நெசவு நடக்கிறது. கையில் மாதச் சம்பளம் உண்டு. ஆனால் நூல் விலையும் பஞ்சு விலையும் ஆட்டம் கண்டால் வீட்டு பட்ஜெட்டும் ஆட்டம் காணும்.

ஸ்ரீவில்லிபுத்தூரின் கதை வேறு. ஆண்டாள் கோயில், மாவட்ட நீதிமன்றம், 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவா ஆகியவற்றைச் சுற்றி ஊரின் வரும்படி ஓடுகிறது. பால்கோவாவால் கடைக்காரருக்கு மட்டும் லாபமில்லை, சுற்றுக் கிராமங்களில் மாடு வைத்திருக்கும் வீடுகளுக்கும் காசு போகிறது.

ஆஸ்பத்திரி விஷயத்தில் ஒரு சின்ன கணக்கு. ராஜபாளையத்தில் இருந்து மதுரைக்குப் போகும் நெடுஞ்சாலை ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகத்தான் போகிறது. அவசரத்துக்கு மதுரை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் அந்த 12 கிலோமீட்டர் கூடுதல். சாதாரண நாளில் இது ஒன்றுமே இல்லை. நெஞ்சுவலி வந்த ராத்திரியில் அது பெரிய தூரம்.

ரேங்க் போட முடியுமா?

இங்கேதான் சிக்கல். ஐ.நா. குறியீடு நாட்டுக்கு இருக்கிறது, ஊருக்கு இல்லை. மத்திய அரசின் 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' திட்டத்தில் 2018-ல் தமிழ்நாட்டில் இருந்து ராமநாதபுரமும் விருதுநகரும் சேர்க்கப்பட்டன. 49 அளவீடுகளில் மாவட்டத்தைக் கண்காணிக்கிறார்கள். பிளஸ் டூ தேர்ச்சியில் நீண்ட காலமாகப் பெயர் வாங்கிய விருதுநகர், இன்னொரு பட்டியலில் கைதூக்கிவிட வேண்டிய மாவட்டம். எதை அளக்கிறோம் என்பதைப் பொறுத்து ஊரின் பெயரே மாறிவிடுகிறது பாருங்கள்.

அதிலும் வருவது மாவட்ட சராசரிதான். ஊர் வாரியான கடைசி முழுக் கணக்கு 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. அதன்படி ராஜபாளையத்தில் 1,30,442 பேர், ஸ்ரீவில்லிபுத்தூரில் 75,396 பேர். 2021-ல் எடுக்க வேண்டிய கணக்கு தள்ளிப்போனது.

இதனால நமக்கு என்ன?

தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். பாதாள சாக்கடை உள்ள நகரங்களில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது மத்திய அரசின் வழிகாட்டி அளவு. 2011 தலைக்கணக்கில் பார்த்தால், ராஜபாளையத்துக்குத் தினமும் சுமார் 1.76 கோடி லிட்டர், ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் சுமார் 1.02 கோடி லிட்டர் வேண்டும். அதன்பின் குடிவந்தவர்களும், ஆடிப்பூரத் தேருக்கு வரும் கூட்டமும் இந்தக் கணக்கில் இல்லை. தலைகள் கூடி, கணக்கு பழசாகவே இருந்தால் ஒவ்வொரு வீட்டுக் குடத்திலும்தான் குறையும்.

முடிவெடுக்கும் முன் என்ன கேட்கணும்?

"எந்த ஊரு பெஸ்ட்?" என்று கேட்பதை விட, பார்க்கப்போகும் தெருவில் இதைக் கேளுங்கள்:

எத்தனை நாளைக்கு ஒரு முறை குழாயில் தண்ணீர் வருது?

ராத்திரி அவசரம்னா எந்த ஆஸ்பத்திரிக்குப் போறீங்க, எவ்வளவு நேரம் ஆகும்?

வீட்டுப் பெண்களுக்குப் பக்கத்திலேயே வேலை கிடைக்குதா, ஷிப்ட் முடிந்து வர பஸ் இருக்கா?

மழை பெய்தால் சாக்கடை எங்கே போகுது?

நாலு கேள்விக்கும் பதில் ஊருக்கு ஊர் மட்டுமல்ல, ஒரே ஊரில் வார்டுக்கு வார்டு மாறும். மில் வேலைக்குப் போகும் குடும்பத்துக்கு ராஜபாளையம் சரியாக இருக்கலாம். அடிக்கடி மதுரைக்குச் சிகிச்சைக்குப் போகும் பெரியவர் இருக்கும் வீட்டுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் வசதிப்படலாம்.

2027 பிப்ரவரியில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடக்கும் என மத்திய அரசு அறிவித்துள்ளது. அதற்கு முந்தைய கட்டமான வீடுகள் கணக்கெடுப்பில் குடிநீர், கழிப்பறை, சமையல் எரிபொருள் பற்றியெல்லாம் கேட்பார்கள். வீட்டு வாசலில் வந்து கேட்பவரிடம் "எல்லாம் இருக்குங்க" என்று சும்மா சொல்லி அனுப்பிவிடாதீர்கள். அடுத்த பல வருஷத்துக்கு உங்கள் தெருவுக்கு எவ்வளவு தண்ணீர் என்று திட்டம் போடுபவர்கள் கையில் இருக்கப்போவது அந்தப் பதில்தான்.