தாய்ப் பூனையும் குட்டிகளும்: நம் வீட்டு அமானிதம்

புகழனைத்தும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ்வுக்கே உரித்தாகுக. ஸலாத்தும் ஸலாமும் நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தினர், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.



ஸுப்ஹுத் தொழுகைக்குச் செல்வோர் நம் ஊர்களில் அடிக்கடி காணும் காட்சி ஒன்றுண்டு. சந்தையோரத்திலோ, பள்ளிவாசல் மதிலருகிலோ ஓர் அட்டைப் பெட்டி. அதற்குள் கண் திறவாத பூனைக்குட்டிகள். வைத்துச் சென்றவர் தீய எண்ணத்துடன் அதனைச் செய்திருக்கமாட்டார். யாரேனும் எடுத்து வளர்ப்பார்கள், அல்லாஹ்வின் இல்லத்தருகே விட்டால் குற்றமில்லை என்று எண்ணியிருப்பார். ஆயினும், தாய்ப்பாலும் தாயின் உடற்சூடுமின்றி அக்குட்டிகள் ஓரிரு நாட்களைக் கடப்பதே அரிது. தாயோ பால் கட்டிய மடியுடன் வீடெங்கும் தேடி அலைகின்றது.

இதனை மார்க்கம் எவ்வாறு நோக்குகின்றது? ஒரு பிரயாணத்தின்போது தோழர்கள் சிலர் ஒரு சிறு பறவையின் இரு குஞ்சுகளை எடுத்துவிட்டனர். தாய்ப் பறவை சிறகடித்துத் தவித்தது. அதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அதன் குஞ்சுகளைப் பறித்து அதனைத் துயருறச் செய்தவர் யாரெனக் கேட்டு, அவற்றைத் திருப்பிக் கொடுக்குமாறு பணித்தார்கள். இச்சம்பவத்தை இப்னு மஸ்ஊத் (ரழி) அவர்கள் அறிவிக்க, இமாம் அபூதாவூத் (ரஹ்) தமது ஸுனனில் பதிவு செய்துள்ளார்கள். நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் சட்ட அறிஞர்களும், தாய்ப்பாலின் தேவை நீங்குமுன் ஒரு பிராணியின் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்தல் கூடாது என்று எழுதியுள்ளனர். பூனையொன்றை அடைத்து வைத்து, உணவளிக்காமலும் தானே இரை தேட விடாமலும் சாகவிட்ட பெண் நரகம் புகுந்த செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் உள்ளதை நீங்கள் அறிவீர்கள்.

எனவே, நம் வீட்டில் சினையான பூனை இருப்பின் அதுவும் அதன் குட்டிகளும் நம்மிடமுள்ள அமானிதமாகும். அதனை நிறைவேற்றும் முறையைச் சற்று விரிவாக நோக்குவோம்.

பூனையின் கர்ப்பகாலம் ஏறத்தாழ 9 வாரங்கள். அதாவது 63 முதல் 65 நாட்கள். மூன்றாவது வாரமளவில் முலைக்காம்புகள் சிவந்து பருக்கத் தொடங்கும். அக்காலத்தில் அதற்குப் போஷாக்கு அதிகம் தேவை. வெறும் சோறு போதாது. உப்பும் காரமும் சேர்க்காது அவித்து, முள் நீக்கிய மீனோ கோழி இறைச்சியோ சேர்த்துச் சிறிது சிறிதாகப் பலமுறை கொடுங்கள். சுத்தமான நீர் எந்நேரமும் இருக்கட்டும். மிருக வைத்தியரின் ஆலோசனையின்றி எம்மருந்தும் கொடுக்காதீர்கள். நாம் காய்ச்சலுக்கு விழுங்கும் பரசிட்டமோல் மாத்திரை ஒன்றுகூடப் பூனையின் உயிரைப் பறித்துவிடக்கூடும்.

பிரசவத்துக்கு இரு வாரங்கள் முன்னதாகவே, சன நடமாட்டம் குறைந்த, காற்றும் மழையும் படாத ஒரு மூலையில் பெட்டியொன்றை வையுங்கள். அதனுள் பத்திரிகைத் தாளை விரித்து, மேலே பழைய சாரமொன்றை இடுங்கள். ஈனும் வேளையில் சுற்றி நின்று பார்ப்பதைத் தவிருங்கள். குட்டியைச் சூழ்ந்த சவ்வை நீக்குவதையும், கொடியை அறுப்பதையும், நக்கி நக்கி மூச்சு விடச் செய்வதையும் அல்லாஹ் அத்தாய்க்குக் கற்றுக்கொடுத்துள்ளான். நஞ்சுக்கொடியை அது உண்பது இயல்பே. தாய் சவ்வை நீக்காதிருந்தால் மட்டும், சுத்தமான துணியால் குட்டியின் மூக்கையும் வாயையும் துடைத்து, உடலை மெதுவாகத் தேய்த்துவிடுங்கள். அரைமணி நேரம் பலமாக முக்கியும் குட்டி வெளிவராவிட்டாலோ, இரத்தம் பெருகினாலோ தாமதியாது மிருக வைத்தியரை நாடுங்கள்.

பிறந்த குட்டி ஏறக்குறைய 100 கிராம் நிறையுடையது. முதல் நாளில் சுரக்கும் சீம்பால் அதற்கு நோயெதிர்ப்புச் சக்தியை அளிக்கின்றது. முதல் வாரங்களில் தன் உடற்சூட்டைத் தானே பேண அதனால் இயலாது. கண்கள் திறப்பதற்கு 7 முதல் 14 நாட்கள் செல்லும். மலசலம் கழிப்பதற்குக்கூடத் தாய் நக்கிவிட வேண்டும். பாலூட்டும் தாய்க்கு நடுக்கமோ இழுப்போ ஏற்படின் அது உடலில் சுண்ணாம்புச் சத்துக் குறைந்ததன் அறிகுறியாக இருக்கலாம். உடனடி வைத்தியம் தேவை.

தாயை இழந்த குட்டி கிடைத்தால், முதலில் அதனைச் சூடாக்குங்கள். குளிர்ந்திருக்கும் குட்டிக்குப் பால் புகட்டுவது ஆபத்தானது. பசும்பால் வயிற்றோட்டத்தை உண்டாக்கும் என்பதால், பூனைக்குட்டிக்கென உள்ள பால்மாவைக் கரைத்து, இரண்டு, மூன்று மணித்தியாலங்களுக்கு ஒருமுறை, மல்லாத்தாமல் குப்புறக் கிடத்தியவாறு ஊட்டுங்கள். ஊட்டியபின் வெந்நீரில் நனைத்த பஞ்சினால் மெதுவாகத் துடைத்தால் மலசலம் கழிக்கும்.

பூனை அசுத்தம் என்றெண்ணி விரட்டுவோரும் உளர். அபூகதாதா (ரழி) அவர்கள், தமக்கு வுழூச் செய்ய வைத்த நீரைப் பருக வந்த பூனைக்குப் பாத்திரத்தைச் சரித்துக் கொடுத்தார்கள். வியந்து நோக்கிய தம் மருமகள் கப்ஷா (ரழி) அவர்களிடம், பூனை அசுத்தமானதல்ல, அது நம்மைச் சுற்றி வரும் பிராணி என நபி (ஸல்) அவர்கள் கூறியதை எடுத்துரைத்தார்கள். எனினும், அதன் மலசலம் நஜீஸாகும். தொழும் இடத்தையும் ஆடையையும் பேணிக்கொள்ள வேண்டும். வீட்டில் கர்ப்பிணித் தாய்மார் இருப்பின், பூனையின் கழிவை வேறொருவர் நாள்தோறும் அகற்றட்டும். அக்கழிவினூடாகப் பரவக்கூடிய ஒருவகைக் கிருமி, வயிற்றிலுள்ள சிசுவைப் பாதிக்கலாம். கழிவு வெளியேறி ஒரு நாளேனும் கடந்த பின்னரே அக்கிருமி தொற்றும் நிலையை அடைவதால், அன்றன்றே அகற்றுவது சிறந்த பாதுகாப்பு. இதற்காகப் பூனையைத் துரத்த வேண்டியதில்லை.

நான்காவது வாரமளவில் குட்டிகள் மென்மையான உணவை நக்கத் தொடங்கும். குறைந்தது 8 வாரங்கள் வரையாவது தாயுடன் விடுங்கள். பின்னர், பொறுப்பேற்கும் உறவினரிடமோ அயலவரிடமோ கையளியுங்கள். மூன்று மாதமானதும் விசர்நோய்த் தடுப்பூசி ஏற்றுங்கள்.

இத்தனை குட்டிகளை எங்கு கொண்டு செல்வது என்ற கேள்வி நியாயமானதே. பாலூட்டும் காலத்திலேயே பூனை மீண்டும் சினையாகக்கூடும்; பெண்குட்டியோ நான்கு, ஐந்து மாதங்களிலேயே பருவமடையலாம். ஆகவே, குட்டிகள் பால் மறந்ததும் கருத்தடைச் சத்திரசிகிச்சை பற்றி மிருக வைத்தியருடன் கலந்தாலோசியுங்கள். தேவை கருதி, பிராணிக்குத் தீங்கு நேராத வகையில் செய்வதைச் சமகால அறிஞர்கள் பலர் அனுமதித்துள்ளனர். ஐயமிருப்பின் உங்கள் ஊர் உலமாக்களிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். பிறந்த உயிரைச் சந்தையில் எறிவதைவிட, பிறப்பைக் கட்டுப்படுத்துவது இரக்கத்துக்கு நெருக்கமானது.

அன்பர்களே! தாய் பலவீனத்தின் மேல் பலவீனத்துடன் சுமப்பதை அல்குர்ஆன் (31:14) நினைவூட்டுகின்றது. மனிதத் தாயைக் குறித்த வசனம் அது. அதனை ஓதும் நாவுடையோர், தம் வீட்டு மூலையில் சுமந்து நிற்கும் வாயில்லாத் தாயையும் மறந்துவிடலாகாது. ஒரு பெட்டி, ஒரு பழைய சாரம், ஒரு பிடி உணவு, எட்டு வாரப் பொறுமை. நம்மிடம் வேண்டப்படுவது இவ்வளவே.

படைப்பினங்கள் மீது இரக்கம் காட்டி, அதன் மூலம் தன் ரஹ்மத்தைப் பெற்றுக்கொள்ளும் நல்லடியார்களாக வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக. ஆமீன்.