உரத்த விளம்பரமும் சரியான அளவுகோலும்

தொலைக்காட்சியில் நாடகமோ செய்தியோ ஓடிக்கொண்டிருக்கும்போது விளம்பர இடைவேளை வந்துவிட்டால், ஒலியைக் குறைக்க ரிமோட்டைத் தேடாத வீடு அரிது. அனுமதிக்கப்பட்ட உச்ச வரம்பை விளம்பரம் மீறியிருக்கும் என்றே நாம் நினைப்போம். பெரும்பாலும் அது மீறியிருக்காது என்பதுதான் வியப்பு.

நெடுங்காலமாக ஒலிபரப்பில் கட்டுப்படுத்தப்பட்டது ஒலியின் உச்சம் மட்டுமே. நமது காதோ உச்சத்தைவிட, தொடர்ந்து கேட்கும் ஒலியின் சராசரியைக் கொண்டே உரப்பை உணர்கிறது. நாடகத்தில் முணுமுணுப்பும் உண்டு, இடிமுழக்கமும் உண்டு. விளம்பரத்துக்கு ஒலிக்கலவை செய்பவர், 'கம்ப்ரஸர்' என்னும் கருவியின் துணையால் மெல்லிய ஒலிகளையும் உச்சத்தின் அருகே உயர்த்திவிடலாம். உச்சம் மாறாது, உரப்பு மட்டும் கூடிவிடும்.

சந்தையில் ஒரு வியாபாரி உரக்கக் கூவினால் அடுத்தவரும் கூவியே ஆக வேண்டும். முடிவில் எவருக்கும் கூடுதல் ஆதாயம் இல்லை. வாங்க வந்தவருக்குக் காதடைப்பே மிச்சம். தனித்து அடக்கி வாசிப்பவர் நஷ்டப்படுவார் என்பதால், இப்போட்டியைப் பொதுவான விதி ஒன்றால்தான் நிறுத்த முடியும்.

அதற்கான அளவுகோலை சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006-இல் வகுத்தது. செவியின் உணர்திறனுக்கு ஏற்பச் சராசரி உரப்பைக் கணக்கிடும் முறை அது. அதன் அடிப்படையில் ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 2010-இல், டிஜிட்டல் ஒலியின் உச்ச எல்லையான பூஜ்யத்துக்கு 23 அலகுகள் கீழே சராசரி உரப்பு அமைய வேண்டும் எனப் பரிந்துரைத்தது. அமெரிக்காவில் பின்பற்றப்படும் அளவு 24 அலகுகள் கீழே. விளம்பரத்தின் சராசரி உரப்பு நிகழ்ச்சியினுடையதை விஞ்சக்கூடாது என்று 2010 டிசம்பரில் அங்கு இயற்றப்பட்ட சட்டம், 2012 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது.

அளவுகோல் மாறியதும் ஆதாயக் கணக்கும் மாறியது. 18 அலகுகள் கீழே என்ற அளவில் இறுக்கிக் கலக்கப்பட்ட விளம்பரம், ஐரோப்பிய நிலையத்தில் 5 அலகுகள் தணிக்கப்படும். உரப்பு போய்விடும், இறுக்கியதால் வந்த தட்டையான ஒலி மட்டும் எஞ்சும். ஆகவே மௌனத்துக்கும் மென்மைக்கும் இடம்விட்டுக் கலப்பவரே இன்று பயனடைகிறார்.

சராசரியிலும் ஓட்டை உண்டு. 20 வினாடிகள் மெதுவாகப் பேசி, கடைசி 10 வினாடிகள் அலறினால் சராசரி சரியாகவே இருக்கும். இதைத் தடுக்கவே, குறுகிய விளம்பரங்களில் எந்த 3 வினாடிகளிலும் உரப்பு 18 அலகுகள் கீழே என்ற எல்லையைத் தாண்டக்கூடாது என்று ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் துணை விதியும் வகுத்தது.

நம் நாட்டிலும் விதி இல்லாமல் இல்லை. 1994-ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி விதிகளில் இடம்பெறும் விளம்பர நெறிமுறை, விளம்பரத்தின் ஒலி மிகையாக இருத்தல் ஆகாது என்கிறது. ஆனால் எவ்வளவு இருந்தால் மிகை என்பதை அந்த வாசகம் கூறவில்லை. எடைக்கல் இல்லாத தராசில் எவரும் நேர்மையானவரே. அந்த வாசகத்தோடு ஓர் எண்ணையும் அளக்கும் முறையையும் சேர்ப்பதே இன்றைய தேவை. கருவிகள் ஒலிக்கூடங்களில் ஏற்கெனவே இருக்கின்றன.